அண்ணன் பிரித்தார்... தம்பி எடுத்தார்!

நள்ளிரவு நேரம். ஆல்டன்பர்க் கோட்டையின் சுவரில் நூலேணி தொங்கியது. ஆயுதம் தாங்கிய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக மேலே ஏறினார்கள்.

1455-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி இரவு அது. ஜெர்மனி நாட்டின் சாக்சனிப் பகுதியில் உள்ளது அந்தக் கோட்டை.

கோட்டையின் சொந்தக்காரரான பிரெடரிக் மன்னர் அன்று ஊரில் இல்லை. லீப்சிக் நகருக்குப் போயிருந்தார். கோட்டை ஆட்களில் பலர் நகரத்தில் நடந்த விருந்துக்குப் போய்விட்டார்கள். சமையல் கட்டில் வேலை பார்த்த ஒருவன் உள்ளே இருந்தபடியே வந்தவர்களுக்கு உதவி செய்தான்.

வந்தவர்கள் கஜானாப் பக்கமே போகவில்லை. நகைகளைத் தேடவில்லை. நேராகக் குழந்தைகள் தூங்கும் அறைக்குப் போனார்கள்.

அங்கே மன்னரின் இரண்டு மகன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவன் எர்ன்ஸ்ட். வயது 14. இளையவன் ஆல்பிரெக்ட். வயது 11.

இருவரையும் தூக்கிக்கொண்டு இருளில் மறைந்தார்கள்!

இருட்டில் முதலில் ஆல்பிரெக்டுக்குப் பதிலாக வேறொரு பிரபுவின் பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள் என்றும், பிறகு திரும்பி வந்து சரியான பையனைப் பிடித்தார்கள் என்றும் பழைய வரலாறுகள் கூறுகின்றன.

பொன்னும் வெள்ளியும் நிறைந்த கோட்டையில், பிள்ளைகளை மட்டும் ஏன் திருடினார்கள்? அந்த அரண்மனையில் விலை மதிக்க முடியாத பொருள் அந்தப் பிள்ளைகள்தான். காரணம், அவர்கள் ஓர் 'எலெக்டர்' வீட்டு வாரிசுகள்.

ஓட்டுப் போடும் மன்னர்கள்

எலெக்டர் என்றால் யார்?

அந்தக் காலத்தில் ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. நூற்றுக்கணக்கான சிறிய, பெரிய அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சக்கரவர்த்தி இருந்தார். அந்தச் சாம்ராஜ்யத்துக்குப் 'புனித ரோமன் சாம்ராஜ்யம்' என்று பெயர்.

தகப்பன் இறந்தால் மகன் தானாகவே சக்கரவர்த்தி ஆகிவிட முடியாது. ஓட்டுப் போட்டுத்தான் சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. ஏழே ஏழு பேருக்குத்தான் உண்டு!

மெயின்ஸ், டிரையர், கொலோன் ஆகிய மூன்று நகரங்களின் பேராயர்கள். பொகிமியா நாட்டு அரசர். ரைன் நதிக்கரையில் உள்ள பலாட்டினேட் பகுதியின் மன்னர். சாக்சனி மன்னர். பிராண்டன்பர்க் மன்னர். இந்த ஏழு பேர்தான் எலெக்டர்கள். தமிழில் 'ஓட்டு மன்னர்கள்' என்று சொல்லலாம்.

1356-ம் ஆண்டில் நான்காம் சார்லஸ் சக்கரவர்த்தி இதைச் சட்டமாக்கினார். அந்தச் சட்டப் பத்திரத்தில் பொன்னால் ஆன முத்திரை தொங்கியது. அதனால் அதற்குப் 'பொன் முத்திரைச் சாசனம்' என்று பெயர்.

சாசனத்தில் வேடிக்கையான விதிகள் உண்டு. தேர்தலுக்காகக் கூடிய மன்னர்கள் 30 நாட்களுக்குள் முடிவு செய்யாவிட்டால், அதன் பிறகு அவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் மட்டும்தான்! ஓட்டு மன்னர்களின் மகன்கள் ஏழாம் வயது முதல் இத்தாலிய மொழியும் ஸ்லாவிய மொழியும் படிக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது வாரிசு பற்றிய விதி.

ஓட்டு மன்னர் இறந்தால், அவருடைய ஓட்டு மூத்த மகனுக்குத்தான் போகும். மகன் சிறுவனாக இருந்தால், 18 வயது ஆகும் வரை தகப்பனுடைய தம்பி பொறுப்பைக் கவனிக்க வேண்டும். ஓட்டோடு சேர்ந்த நிலத்தைப் பங்கு போடக் கூடாது.

ஏன் இந்த விதி? அதுவரை ஜெர்மன் மன்னர்கள் தங்கள் நாட்டைப் பிள்ளைகளுக்குச் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்து வந்தார்கள். நிலத்தைப் பிரிக்கலாம். ஓர் ஓட்டை இரண்டாகக் கிழிக்க முடியுமா? அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால், தேர்தலே நடக்காதே!

ஆக, நாட்டுக்கே சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை படைத்தவர்கள், தங்கள் வீட்டு வாரிசைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியாது. பிறப்பும் இறப்பும்தான் அதை முடிவு செய்தன.

சாக்சனியின் ஓட்டு பிரெடரிக் குடும்பத்துக்கு வந்ததே அப்படித்தான். அதற்கு முன்பு அந்த ஓட்டை வைத்திருந்த வம்சம் 1422-ம் ஆண்டில் ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போனது. போரில் தமக்கு உதவி செய்ததற்காக, பிரெடரிக்கின் தகப்பனாருக்கு அந்த ஓட்டை 1423-ல் வழங்கினார் சிகிஸ்மண்ட் மன்னர்.

கரி மூட்டத் தொழிலாளி

பிள்ளைகளைத் தூக்கிச் சென்ற கூட்டத்தின் தலைவன் பெயர் குன்ஸ். அவன் சாதாரணத் திருடன் அல்ல. பிரபு குலத்தில் பிறந்த போர்வீரன். பிரெடரிக் மன்னருக்காகவே போரில் சண்டை போட்டவன்.

அது என்ன போர்? அண்ணன் தம்பிப் போர்!

பிரெடரிக் மன்னருக்கு வில்லியம் என்று ஒரு தம்பி உண்டு. 1445-ல் இருவரும் குடும்ப நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பங்கில் தகராறு வந்தது. 1446 முதல் 1451 வரை அண்ணனும் தம்பியும் படை திரட்டி மோதினார்கள். கிராமங்கள் எரிந்தன. இன்றும் ஜெர்மன் வரலாற்றில் அதற்குச் 'சகோதரப் போர்' என்றுதான் பெயர்.

அந்தப் போரில் அண்ணன் பக்கம் நின்ற குன்ஸ், எதிரிகளிடம் சிக்கினான். 4,000 பொற்காசுகள் கொடுத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொண்டான். அந்தப் பணத்தை மன்னர் தர வேண்டும் என்று கேட்டான். கூலி வாங்கிக்கொண்டு சண்டை போட்டவனுக்கு மீட்புப் பணம் தர வேண்டியது தன் கடமை அல்ல என்று மன்னர் மறுத்துவிட்டார். போரின்போது கொடுத்திருந்த நிலத்தையும் சமாதானம் ஆனதும் திருப்பிக் கேட்டார்.

குன்ஸ் கொதித்தான். அந்தக் கொதிப்புத்தான் நூலேணியாகக் கோட்டைச் சுவரில் தொங்கியது.

செய்தி பரவியது. ஊருக்கு ஊர் மணி அடித்து ஜனங்களை எழுப்பினார்கள். சிறுவன் ஆல்பிரெக்டைக் குதிரையில் வைத்துக்கொண்டு பொகிமியா நாட்டு எல்லையை நோக்கி ஓடினான் குன்ஸ். மூத்தவன் எர்ன்ஸ்டை மற்றவர்கள் வேறு வழியில் கொண்டு போனார்கள்.

எல்லைக்கு அருகே காட்டில் குன்ஸ் பிடிபட்டான். அவனை மடக்கியவர் காட்டில் கரி மூட்டம் போடும் ஓர் ஏழைத் தொழிலாளி என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இளவரசன் தான் யார் என்று சொன்னதும், அந்தத் தொழிலாளி கையில் இருந்த தடியாலேயே குன்ஸைத் தாக்கினாராம்.

எர்ன்ஸ்டை வைத்திருந்தவர்கள் ஒரு குகையில் ஒளிந்திருந்தார்கள். தலைவன் பிடிபட்ட சேதி கேட்டதும் நடுங்கிப் போனார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்ற உறுதி கிடைத்த பிறகு பையனை ஒப்படைத்தார்கள். அந்தக் குகைக்கு இன்றும் 'இளவரசர் குகை' என்றே பெயர்.

ஜூலை 14-ந் தேதி பிரைபர்க் நகரின் சந்தைத் திடலில் குன்ஸின் தலை வெட்டப்பட்டது. பிள்ளைகள் காணாமற்போய் ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெற்றோர் எபர்ஸ்டார்ப் என்ற ஊர்த் தேவாலயத்துக்குப் போய் நன்றி செலுத்தினார்கள். பிள்ளைகளின் உடைகள் அங்கே காணிக்கையாக வைக்கப்பட்டன.

பெரியவர்கள் போட்ட பங்குச் சண்டைக்கு விலை கொடுக்க இருந்தவர்கள் சிறுவர்கள். நல்ல வேளையாகத் தப்பினார்கள்.

அந்தச் சிறுவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்களா?

ஒரே குடும்பம், ஒரே கணக்கு

1464-ல் பிரெடரிக் மன்னர் காலமானார். எர்ன்ஸ்ட் மூத்தவர். ஆகவே ஓட்டு அவருக்கு வந்தது. ஆனால் நாட்டை அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஆண்டார்கள்.

ஒருநாள் இரண்டு நாள் அல்ல, 21 ஆண்டுகள்!

இருவருக்கும் கலியாணம் ஆயிற்று. பிள்ளைகள் பிறந்தார்கள். அப்போதும் டிரெஸ்டன் அரண்மனையில் ஒரே குடும்பமாக இருந்தார்கள். வரவும் செலவும் ஒரே கணக்கு.

அவர்கள் காலத்தில் ஷ்னீபர்க் என்ற மலையில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அள்ள அள்ள வெள்ளி வந்தது. ஒரு முறை சுரங்கத்துக்குள் இறங்கிய ஆல்பிரெக்ட், மேஜை போல் கிடந்த ஒரு பெரிய வெள்ளிப் பாளத்தின் மீது உணவை வைத்துச் சாப்பிட்டார் என்று கதை உண்டு.

பணம் வந்தது. சகோதரர்கள் மைசன் நகரில், எல்பு நதியைப் பார்த்தபடி இருக்கும் பாறையின் மீது ஓர் அரண்மனை கட்டத் தொடங்கினார்கள். 1471-ல் வேலை ஆரம்பமாயிற்று. ஆர்னால்டு என்ற பெயர் பெற்ற சிற்பி அதைக் கட்டினார்.

அதற்கு முன்பு ஜெர்மனியில் மன்னர்கள் கட்டியவை பெரும்பாலும் போருக்கான கோட்டைகள். இதுவோ, வசிப்பதற்காகவே கட்டிய அழகு மாளிகை. பெரிய பெரிய ஜன்னல்கள். வளைந்து வளைந்து ஏறும் கல் படிக்கட்டு. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் சேர்ந்து வாழ ஒரு வீடு!

அந்த வீடு முழுதாக முடிவதற்குள் குடும்பம் பிரிந்துவிட்டது.

பாகப்பிரிவினை

1482-ல் சித்தப்பா வில்லியம் இறந்தார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. அவர் ஆண்ட துரிங்கியாப் பகுதியும் சகோதரர்கள் கைக்கு வந்தது. நிலம் பெருகியது. மனஸ்தாபமும் பெருகியது. இருவருடைய பிள்ளைகளும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். யார் பிள்ளைக்கு எது என்ற கேள்வி எழுந்தது.

1485-ம் ஆண்டு லீப்சிக் நகரில் பாகப்பிரிவினை நடந்தது.

எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? சாக்சனியில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அண்ணன் பங்கு வைக்க வேண்டும். தம்பி முதலில் எடுக்க வேண்டும். எந்தப் பங்கு தம்பிக்குப் போகும் என்று தெரியாததால், அண்ணன் இரண்டையும் சமமாகத்தானே வைப்பார்! நியாயமான ஏற்பாடுதான்.

எர்ன்ஸ்ட் பிரித்தார். ஆல்பிரெக்ட் எடுத்தார்.

மைசனைச் சுற்றியுள்ள கிழக்குப் பகுதி தம்பி பங்கு. துரிங்கியாவின் பெரும் பகுதி அண்ணன் பங்கு. ஒருவர் நிலம் மற்றவர் நிலத்துக்குள் புகுந்து கிடக்கும்படி பிரித்தார்கள். அடியோடு அந்நியமாகிவிடக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஷ்னீபர்க் வெள்ளிச் சுரங்கத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் பங்கில் சேர்க்கவில்லை. அது ஓட்டு. பொன் முத்திரைச் சாசனத்தின்படி ஓட்டும், அதோடு சேர்ந்த விட்டன்பர்க் பகுதியும் மூத்தவருக்கே உரியவை. எர்ன்ஸ்ட் அதை வைத்துக்கொண்டார்.

நவம்பர் 11-ந் தேதி ஒப்பந்தம் முடிந்தது. ஓராண்டு கூட ஆகவில்லை. 1486 ஆகஸ்டில் குதிரையிலிருந்து விழுந்த எர்ன்ஸ்ட் இறந்துபோனார். வயது 45.

தம்பி ஆல்பிரெக்ட் 1500 வரை உயிரோடு இருந்தார். சாவதற்கு ஓராண்டு முன்பு ஓர் ஏற்பாடு எழுதி வைத்தார். தன் பங்கான சாக்சனி நிலத்தை இனிமேல் துண்டு போடக் கூடாது, மூத்த மகனுக்கே முழுதும் சேர வேண்டும் என்பது அந்த ஏற்பாடு. பங்கு கேட்டு வாங்கிய தம்பி, தன் பிள்ளைகள் பங்கு கேட்கக் கூடாது என்று எழுதினார்!

பத்துப் பிள்ளைகள் பெற்றவர்

ஆல்பிரெக்டின் மூத்த மகன் ஜார்ஜ். தாடி வளர்த்ததால் 'தாடிக்கார ஜார்ஜ்' என்பார்கள். திறமையான ஆட்சியாளர். அவருக்குப் பத்துக் குழந்தைகள்.

பத்துப் பிள்ளைகள் இருக்கும்போது வாரிசுக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தார் ஜார்ஜ். பல குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தன. பெரியவனாகி மணமும் முடித்திருந்த ஜான் 1537-ல் இறந்தான். அவனுக்குக் குழந்தை இல்லை.

மிஞ்சிய மகன் பிரெடரிக். மன வளர்ச்சி குன்றியவன். வேறு வழி இல்லாமல் அவனுக்கு 1539 ஜனவரியில் மணம் செய்து வைத்தார் தகப்பனார். அடுத்த மாதமே அவனும் போய்விட்டான். ஏப்ரலில் ஜார்ஜும் கண்ணை மூடினார்.

ஜார்ஜ் கடைசி வரை கத்தோலிக்க மதத்தில் உறுதியாக இருந்தவர். மார்ட்டின் லூதர் தொடங்கிய புதிய சமயக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். ஆனால் வாரிசு இல்லாததால் நாடு அவருடைய தம்பி ஹென்றிக்குப் போயிற்று. ஹென்றி லூதரின் கட்சி! அந்த ஆண்டிலேயே லீப்சிக் நகரம் புதிய சமயத்துக்கு மாறியது. 39 ஆண்டுகள் ஜார்ஜ் கட்டிக் காத்தது, ஒரு தொட்டில் காலியானதால் சில மாதங்களில் மாறிப்போயிற்று.

ஹென்றி இரண்டு ஆண்டுகளில் இறந்தார். 1541-ல் அவருடைய மகன் மோரிட்ஸ் பட்டத்துக்கு வந்தான். வயது 20.

பணியாரப் போர்

அண்ணன் எர்ன்ஸ்டின் வம்சம் என்ன ஆயிற்று?

அவருடைய மகன் 'அறிவாளி பிரெடரிக்' ஓட்டு மன்னரானார். விட்டன்பர்க் நகரில் 1502-ல் பல்கலைக் கழகம் தொடங்கினார். அங்கே ஆசிரியராக வந்தவர்தான் மார்ட்டின் லூதர். சக்கரவர்த்தியின் கோபத்திலிருந்து லூதரைக் காப்பாற்றியவர் இந்த பிரெடரிக்தான். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆகவே ஓட்டு அவருடைய தம்பி ஜானுக்குப் போயிற்று. ஜானுக்குப் பிறகு, 1532-ல் அவருடைய மகன் ஜான் பிரெடரிக்குக்கு வந்தது.

ஜான் பிரெடரிக் யார்? எர்ன்ஸ்டின் பேரன். மோரிட்ஸ் யார்? ஆல்பிரெக்டின் பேரன். ஒரே இரவில் கடத்தப்பட்ட இரண்டு சிறுவர்களின் பேரப் பிள்ளைகள். பங்காளிகள்!

ஜான் பிரெடரிக் 18 வயது மூத்தவர். மோரிட்ஸ் இளைஞனாக இருந்தபோது சில காலம் இந்த அண்ணன் அரண்மனையில் தங்கி, அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஆனால் பட்டத்துக்கு வந்த மறு ஆண்டே இருவருக்கும் மோதல் வந்தது.

வுர்சன் என்ற சிறிய ஊர். அங்கே வரி வசூலிக்கும் உரிமை யாருக்கு? 1542 ஈஸ்டர் சமயத்தில் இரண்டு பக்கமும் படைகள் திரண்டன. லூதர் இரண்டு பேரையும் கண்டித்து எழுதினார். மோரிட்ஸின் மாமனாரான ஹெஸ்ஸே மன்னர் பிலிப் ஓடோடி வந்து சமாதானம் செய்தார். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் படைகள் கலைந்தன.

வீரர்கள் வீட்டுக்குப் போய் ஈஸ்டர் பண்டிகைக்குச் சுட்ட பணியாரத்தைச் சாப்பிட்டார்கள். அதனால் அதற்குப் 'பணியாரப் போர்' என்று மக்கள் பெயர் வைத்தார்கள்.

ஊர் சிரித்தது. ஆனால் மன்னர்கள் மனத்தில் புகைச்சல் அடங்கவில்லை.

ஓட்டுக்கு ஆசைப்பட்ட தம்பி

அப்போது சக்கரவர்த்தியாக இருந்தவர் ஐந்தாம் சார்லஸ். கத்தோலிக்கர். லூதர் பக்கம் சேர்ந்த மன்னர்கள் அவருக்கு எதிராகக் கூட்டணி அமைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர்கள் ஜான் பிரெடரிக்கும் பிலிப்பும்.

மோரிட்ஸும் லூதரின் சமயம்தான். ஆனாலும் அவன் சக்கரவர்த்தி பக்கம் சேர்ந்தான். ஏன்? ஜான் பிரெடரிக்கை வீழ்த்தினால், சாக்சனியின் ஓட்டு உனக்குத்தான் என்று ஆசை காட்டியிருந்தார் சக்கரவர்த்தி.

1546-ல் போர் மூண்டது. ஜான் பிரெடரிக் தெற்கே போயிருந்த நேரம் பார்த்து, மோரிட்ஸ் அவர் நாட்டுக்குள் புகுந்தான். 1547 ஏப்ரல் 24-ந் தேதி எல்பு நதிக்கரையில் மூல்பர்க் என்ற இடத்தில் கடைசிச் சண்டை. ஜான் பிரெடரிக்கின் முகத்தில் வெட்டு விழுந்தது. ரத்தம் சொட்டச் சொட்டச் சிறைப்பட்டார்.

சக்கரவர்த்தி அவருக்கு மரண தண்டனை விதித்தார். சேதி வந்தபோது அவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார் என்றும், கலங்காமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்றும் சொல்வார்கள்.

அவர் மனைவி சிபில் ராணி விட்டன்பர்க் கோட்டைக்குள் இருந்தார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மனைவிகளில் ஒருவரான ஆன் ராணியின் சகோதரி இவர். பிள்ளைகளோடு கோட்டையைத் திறக்காமல் காத்து நின்றார்.

கடைசியில் பேரம் முடிந்தது. மே 19-ந் தேதி ஜான் பிரெடரிக் கையெழுத்துப் போட்டார். ஓட்டும் விட்டன்பர்க்கும் மோரிட்ஸுக்கு. வைமர், ஜெனா, கோத்தா போன்ற துரிங்கியா ஊர்கள் மட்டும் ஜான் பிரெடரிக்கின் பிள்ளைகளுக்கு. மரண தண்டனை ரத்து. ஆனால் அவர் சிறையில் இருக்க வேண்டும்.

இப்படியாக, 1485-ல் பங்கில் வைக்காமல் அண்ணன் எடுத்துக்கொண்ட ஓட்டு, 62 ஆண்டுகளுக்குப் பிறகு தம்பி வம்சத்துக்குப் போயிற்று.

சொந்த ஜனங்களே மோரிட்ஸை 'மைசன் யூதாஸ்' என்று ஏசினார்கள். யூதாஸ், இயேசுநாதரைக் காட்டிக் கொடுத்தவன் பெயர்.

ஆடிய ஆட்டம் முடிந்தது

ஜான் பிரெடரிக் ஐந்து ஆண்டுகள் கைதியாக இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய அரண்மனை ஓவியர் லூக்காஸ் கிரானக், தம் எஜமானரைத் தேடிச் சென்று அவரோடு இருந்தார். பல்கலைக் கழகம் இருந்த விட்டன்பர்க் பறிபோனதால், ஜெனாவில் புதிய கல்விச்சாலை தொடங்கும்படி சிறையிலிருந்தே ஏற்பாடு செய்தார் மன்னர். 1558-ல் அது பல்கலைக் கழகமாயிற்று. இன்றும் நடக்கிறது.

1552-ல் அவர் விடுதலையானார். அதற்கு வழி செய்தது யார்? மோரிட்ஸ்! தன் மாமனார் பிலிப்பைச் சக்கரவர்த்தி சிறையில் அடைத்ததால் கோபம் கொண்ட மோரிட்ஸ், சக்கரவர்த்திக்கு எதிராகவே படையெடுத்தான். மிரண்டு போன சக்கரவர்த்தி கைதிகளை விட்டுவிட்டார்.

ஆனால் ஆசைப்பட்டு வாங்கிய ஓட்டை மோரிட்ஸ் அதிக நாள் அனுபவிக்கவில்லை. 1553 ஜூலையில் இன்னொரு சண்டையில் குண்டுக் காயம் பட்டு இறந்தான். வயது 32. ஒரே மகன் குழந்தையாகவே இறந்திருந்தான். ஓட்டு தம்பி அகஸ்டுக்குப் போயிற்று.

மறு ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி சிபில் ராணி காலமானார். பத்து நாட்கள்தான். மார்ச் 3-ந் தேதி ஜான் பிரெடரிக்கும் பின்னாலேயே போனார். அந்த நாட்களில்தான் இரு வம்சங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஓட்டு தம்பி வம்சத்துக்கே என்று உறுதியாயிற்று. சில ஊர்கள் அண்ணன் வம்சத்துக்குத் திரும்பின. அவற்றில் ஒன்று, நூலேணி தொங்கிய ஆல்டன்பர்க்!

அத்தோடும் விடவில்லை. தகப்பன் இழந்த ஓட்டை மீட்க ஆசைப்பட்டார் ஜான் பிரெடரிக்கின் மூத்த மகன். கலகக்காரர் ஒருவரோடு சேர்ந்தார். 1567-ல் அகஸ்டின் படை கோத்தா நகரை முற்றுகையிட்டுப் பிடித்தது. கோட்டை தரைமட்டம் ஆக்கப்பட்டது. அந்த மகன் 28 ஆண்டுகள் ஆஸ்திரியாவில் சிறையில் கிடந்து 1595-ல் அங்கேயே இறந்தார். அவர் மனைவி எலிசபெத், கணவருடைய சிறைக்குத் தாமே போய், சாகும் வரை அவரோடு வாழ்ந்தார்.

இரண்டு வம்சம், இரண்டு வழி

பிறகு என்ன நடந்தது?

தம்பி வம்சத்தில் மூத்த மகனுக்கே பட்டம். ஒரு முறை தம்பிகளுக்குச் சில பகுதிகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவையும் 1746-க்குள் திரும்ப வந்து சேர்ந்தன. அந்த வம்சத்தார் போலந்து நாட்டுக்கும் அரசர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். டிரெஸ்டன் நகரம் செல்வத்தில் கொழித்தது.

அண்ணன் வம்சத்தார் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக்கொண்டே போனார்கள். 1572-ல் ஒரு பிரிவினை. அடுத்த நூற்றாண்டில் மேலும் பல. கோத்தாவை ஆண்ட எர்ன்ஸ்ட் மன்னர் 1675-ல் இறந்தபோது ஏழு மகன்கள் இருந்தார்கள். 1680-ல் நாட்டை ஏழாகப் பிரித்தார்கள். ஏழு மன்னர்கள், ஏழு அரண்மனைகள். அத்தனைக்கும் வரி கொடுத்தவர்கள் அதே குடியானவர்கள்தான்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அந்தத் துண்டுகளில் ஒன்றான கோபர்க்கிலிருந்து போன லியோபோல்டு, 1831-ல் பெல்ஜியம் நாட்டின் முதல் அரசரானார். அதே வீட்டைச் சேர்ந்த ஆல்பர்ட், 1840-ல் இங்கிலாந்தின் விக்டோரியா ராணியை மணந்தார். இவர்களின் மகன்தான் ஏழாம் எட்வர்டு. நம் நாட்டில் ஓடிய பழைய வெள்ளி ரூபாயில் தலை பதிந்திருந்தவர். பேரன் ஐந்தாம் ஜார்ஜ், 1917-ல்தான் ஜெர்மன் குடும்பப் பெயரை விட்டு 'விண்ட்சர்' என்று வைத்துக்கொண்டார்.

சரி, பங்காளிகள் உயிரைக் கொடுத்துப் போராடிய அந்த ஓட்டு?

1806-ல் நெப்போலியன் காலத்தில் புனித ரோமன் சாம்ராஜ்யமே கலைந்தது. தேர்ந்தெடுக்கச் சக்கரவர்த்தி இல்லை. ஓட்டும் இல்லை.

1918-ல் முதல் உலகப் போரின் முடிவில் ஜெர்மனியில் புரட்சி வெடித்தது. அந்த நவம்பர் மாதத்திலேயே சாக்சனியின் அரசர் முடி துறந்தார். துரிங்கியாவில் மிஞ்சியிருந்த அண்ணன் வம்சத்துச் சிறு மன்னர்களும் அதே மாதத்தில் பதவி இழந்தார்கள். 433 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவர்கள், பட்டம் இழந்ததில் ஒன்று சேர்ந்தார்கள்.

இன்று சாக்சனி, துரிங்கியா இரண்டும் ஜெர்மன் குடியரசின் மாநிலங்கள். அங்கே 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் ஓட்டு உண்டு. கரி மூட்டம் போடுபவருக்கும் உண்டு.

மைசன் பாறையின் மீது அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாழக் கட்டிய மாளிகை இன்றும் நிற்கிறது. பிரிவினையில் அது தம்பி பங்குக்குப் போயிற்று. அவர் பெயராலேயே 'ஆல்பிரெக்ட்ஸ்பர்க்' என்று அழைக்கப்படுகிறது. ஆனால் நெடுங்காலம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. 1710-ல் அங்கே பீங்கான் தொழிற்சாலை வைத்தார்கள். உலகப் புகழ் பெற்ற மைசன் பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும் நூற்றைம்பது ஆண்டுகள் அங்கேதான் தயாராயின.

இப்போது அது அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.